உங்க வீட்டு அலமாரியில ஒரு வெப்சைட்!

தூத்துக்குடிக்கும் இலங்கையின் கல்கிசைக்கும் இடையே 2006-லேயே கடலுக்கடியில் இன்டர்நெட் கேபிள் போட்டுவிட்டார்கள். ஆனால், இங்கே மக்ரூன் விற்கும் கடைக்கு வெப்சைட் இருந்தால், அது பெரும்பாலும் ஏதோ வெளியூர் சர்வரில்தான் இருக்கும். வீட்டு பிராட்பேண்டிலேயே அதை நடத்த முடியாதா?

முடியும். உள்ளங்கை அளவு ராஸ்பெர்ரி பை கம்ப்யூட்டர் போதும். சுமார் 5 வாட்தான் இழுக்கும். வருஷம் முழுக்க அணைக்காமல் ஓடினாலும் 44 யூனிட்தான்.

சிக்கல், முகவரியில். பல நிறுவனங்கள் ஒரே ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்குபோட்டுக் கொடுக்கின்றன. இதற்கு சிஜிநாட் என்று பெயர். நீங்கள் யூடியூப் பார்க்கத் தடையில்லை. ஆனால், வெளியாள் உங்கள் சர்வரைத் தேடி வர வழியில்லை. வெப்சைட்டுக்கான வாசல், போர்ட் 443. (துறைமுக ஊர்க்காரர்களுக்கு போர்ட் பற்றிச் சொல்லணுமா என்ன!) அதை ரவுட்டரில் திறந்துவைத்தாலும் பலனில்லை. ரவுட்டரில் 'வான் ஐபி' பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், நீங்களும் அந்தக் கூட்டத்தில்தான். தனிக் கட்டணம் கட்டி ஸ்டேட்டிக் ஐபி கேளுங்கள். இல்லாவிட்டால், 'க்ளவுட்ஃப்ளேர் டனல்' மாதிரி, வீட்டிலிருந்தே வெளியே இணைப்புப் போடும் வசதி இருக்கிறது.

அடுத்தது, மழை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. அப்படியொரு நாளில் கரன்ட் போனால், சர்வரும் படுத்துவிடும். அதனால், ஆர்டர் எடுக்கும் கடைக்கு இதை நான் சொல்ல மாட்டேன். தாத்தா கல்யாண போட்டோக்களை வைக்க தாராளமாகப் போடலாம். அதற்கும் ஒரு காப்பி, மதுரை சித்தி வீட்டு ஹார்டு டிஸ்க்கில் இருக்கட்டும்.