சிறு தாளுக்குப் பெருமதிப்பு வருவது எங்ஙனம்?



விளையாட்டு வீரர்களின் பட அட்டைகளையும் தபால் தலைகளையும் சேர்ப்பது உங்களுள் பலருக்கு விருப்பமான பொழுதுபோக்கு. "இது பழையது, பின்னாளில் பெருவிலை போகும்" என்று சிலர் சொல்வதுண்டு. அவ்வெண்ணம் பொருந்துமா என்று ஆராய்வோம்.

பழமை மட்டும் மதிப்பைத் தந்துவிடாது. உலகின் முதல் தபால் தலையாகிய 'பென்னி பிளாக்' 1840-ல் இங்கிலாந்தில் வெளியாயிற்று. ஏறத்தாழ 6 கோடியே 80 லட்சம் தலைகள் அச்சாயின. அவற்றுள் மிகப் பல இன்றும் எஞ்சியிருப்பதால், சாதாரணப் பிரதியை நடுத்தரக் குடும்பத்தாரும் வாங்க இயலும்.

ஆகவே, முதற்காரணம் அருமை. பள்ளிப்பட்டுப் பக்கத்து நெசவாளரைக் கேளுங்கள்; இழை பிசகினால் சேலையின் விலை குறையும் என்பர். தபால் தலையிலோ நேர்மாறு! 1854-ல் கல்கத்தாவில் அச்சான நான்கு அணாத் தலையில், சிவப்புச் சட்டமும் விக்டோரியா அரசியின் நீலத் தலையும் தனித்தனியே அச்சிடப்பட்டன. சில தாள்களில் தலை கீழ்மேலாக விழுந்துவிட்டது. அவற்றுள் எஞ்சியவை மிகச் சிலவே. ஆதலின் அப்பிழையே அவற்றை விலைமிக்கவை ஆக்கிற்று.

இரண்டாவது காரணம் மெய்ம்மை. 1948 ஆகஸ்டு 15-ல் காந்தியடிகள் நினைவாக 4 தலைகள் வெளியாயின. அவற்றுள் 10 ரூபாய்த் தலையில் 100 பிரதிகளின்மேல் மட்டும் 'சர்வீஸ்' என்னும் சொல் பொறித்து, கவர்னர் ஜெனரலின் அலுவலகத்துக்கு ஒதுக்கினர். அந்நாளில் அப்பதவியில் இருந்தவர் நம் ராஜாஜி. அத்தகைய நான்கு தலைகள் சேர்ந்த வரிசை ஒன்று 2017-ல் 5 லட்சம் பவுனுக்கு விற்றது. சாதாரணத் தலையில் அச்சொல்லைப் பொய்யாகப் பொறித்து ஏமாற்றுவோரும் உண்டு. எனவே வல்லுநர் சான்று இன்றியமையாதது.

மூன்றாவது காரணம் நிலை. கிழிந்த பல்விளிம்பும், மடிந்த மூலையும், ஈரக் கறையும் மதிப்பைப் பெரிதும் குறைத்துவிடும்.

பட அட்டைகளுக்கும் விதி இதுவே. அமெரிக்காவில் 1909 முதல் 1911 வரை சிகரெட்டுப் பெட்டியோடு வழங்கிய ஹோனஸ் வாக்னர் என்னும் பேஸ்பால் வீரரின் அட்டை சில பத்துகளே எஞ்சியுள்ளது. ஒன்று 2022-ல் 72½ லட்சம் டாலருக்கு விற்றது. ஆனால், 1980-களின் இறுதியில் வெளிவந்த அட்டைகளைப் பிற்கால லாபம் கருதிப் பலரும் பத்திரப்படுத்தினர். நிறுவனங்களும் அளவின்றி அச்சிட்டன. விளைவு, அவற்றுட் பெரும்பாலானவை இன்று மிக மலிவு. எல்லாரும் காப்பது எங்ஙனம் அரிதாகும்?

நான்காவது காரணம் விழைவு. 1856-ல் வெளியான பிரிட்டிஷ் கயானாவின் ஒரு சென்டுத் தலையில் உலகிலேயே ஒரு பிரதிதான் உளது. 2014-ல் ஏறத்தாழ 95 லட்சம் டாலருக்கு விற்ற அது, 2021-ல் 83 லட்சத்துக்கே போயிற்று. பொருள் மாறவில்லை; விழைந்தோரின் அளவே மாறிற்று. ஒரு பொருளின் வரலாற்றை அறிந்து போற்றுவோர் தலைமுறைதோறும் தோன்றினால்தான் மதிப்பு நிலைக்கும்.

ஆகவே, "அரியது" என்று விளம்பரம் செய்யப்படும் அட்டைகளுக்காகப் பெற்றோர் பணத்தைச் செலவிடாதீர்கள். வீட்டுக்கு வரும் கடிதங்களின் தலைகளிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொன்றும் எந்த நாட்டினது, எவர் நினைவாக வெளியானது என்று எழுதி வையுங்கள். விலை ஏறினும் இறங்கினும், அவ்வாறு பெற்ற அறிவு உங்களுக்கே உரியது.