கோயில் வாசலில் வந்த மனக்கசப்பு... 68 வயதில் காந்தி - கஸ்தூரிபா தம்பதி சந்தித்த சோதனை!

போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி வரை, ஏலத்தோட்ட வேலையை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். விடிவதற்குள் ஜீப் ஏறி மலைக்குப் போனால், பொழுது சாயும்போதுதான் வீடு. புருஷன், பொண்டாட்டி உட்கார்ந்து பேசவே நேரம் இருக்காது. வயதாகி வேலையை விட்ட பிறகுதான் நாள் முழுக்க ஒரே கூரைக்குள் இருக்க வேண்டிவரும். அவர் மாலை போட்டு மலைக்குக் கிளம்புவார். அந்தம்மா ஜெபக்கூட்டத்துக்குப் போவார். ஒரு வார்த்தை தடித்தால் போதும், 40 வருடப் பழைய கணக்கு வெளியே வந்துவிடும்.

இப்படியொரு சோதனை காந்தி வீட்டுக்கும் வந்தது.

காந்திக்கு 13 வயதிலேயே கஸ்தூரிபாவுடன் திருமணம். 1938 மார்ச்சில் இருவருக்கும் 68 வயது. ஒடிசாவின் டெலாங் கிராமத்தில் காந்தி சேவா சங்க மாநாடு. பக்கத்தில்தான் பூரி ஜெகந்நாதர் கோயில். தலித் மக்களை அனுமதிக்காத அந்தக் கோயிலுக்குள் நுழைவதில்லை என்பதில் காந்தி உறுதியாக இருந்தார். கஸ்தூரிபாவோ, காந்தியின் செயலாளர் மகாதேவ் தேசாயின் மனைவி உள்ளிட்ட சிலருடன் உள்ளே போய் சாமி கும்பிட்டுவிட்டு வந்தார்.

காந்தி உடைந்துபோனார். ரத்த அழுத்தம் எகிறியது. மாநாட்டிலேயே தன் வேதனையைச் சொன்னார். கஸ்தூரிபா தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். மகாதேவ், பதவியை விட்டே விலக முன்வந்தார், காந்தி விடவில்லை.

ஆறாத பழைய காயங்கள்

இது ஒருநாள் கோபம் அல்ல. தென்னாப்பிரிக்காவின் டர்பன் வீட்டில், தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்த குமாஸ்தாவின் கழிவுச் சட்டியை எடுக்க கஸ்தூரிபா முகம் சுளித்தபோது, அவர் கையைப் பிடித்து வாசல் கேட் வரை இழுத்துப் போனவர் காந்தி. அந்தச் சம்பவத்தை வெட்கத்தோடு தன் சுயசரிதையிலேயே எழுதியிருக்கிறார். 1906-ல் பிரம்மசரிய விரதம் பூண்டார். மூத்த மகன் ஹரிலாலுக்கும் அப்பாவுக்குமான பிளவு கடைசிவரை ஆறவில்லை. 1936-ல் ஹரிலால் இஸ்லாத்துக்கு மாறி, சில மாதங்களில் திரும்பிவந்தபோது, நடுவில் தவித்தவர் அம்மாதான்.

ஆனால், கஸ்தூரிபா மாறாதவர் அல்ல. ஆசிரமத்துக்கு தலித் குடும்பம் வந்தபோது முதலில் எதிர்த்தவர், பிறகு அந்த வீட்டுப் பெண் லட்சுமியை மகளாகவே வளர்த்தார். பூரிக்குப் போனது சாதி பார்த்து அல்ல. அவருடைய பக்தி அப்படி.

யார் பக்கம் நியாயம்?

காந்தியின் கொள்கை நியாயமானது. சக மனிதரை வாசலில் நிறுத்தும் இடத்துக்கு எப்படிப் போவது? ஆனால், மனைவியின் விஷயத்தை ஊரறியப் பேசியது எந்த வீட்டிலும் வலிக்கத்தான் செய்யும். அன்று காந்தி தன்னையும் குற்றவாளியாக்கிக்கொண்டார் என்பது முக்கியம். மனைவிக்குத் தான் சரியாகப் புரியவைக்கவில்லை என்றார். 50 ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தும், 'அவளுக்குத் தெரியாதா என்ன' என்று பேசாமல் விட்ட விஷயம் அது!

அடுத்த ஆண்டே, 1939 ஜூலை 8 அன்று, வைத்தியநாத ஐயர் முயற்சியில் மதுரை மீனாட்சியம்மன் கோயில் எல்லோருக்கும் திறந்தது. 1946-ல் காந்தி அங்கே வந்து தரிசித்தார். உடன் வர கஸ்தூரிபா இல்லை. 1944 பிப்ரவரி 22, மகா சிவராத்திரி நாளில், புனே ஆகா கான் மாளிகைச் சிறையில், கணவரின் மடியில் அவர் உயிர் பிரிந்திருந்தது.

ஓய்வுக்காலத்தில் இருவருக்கும் ஒரே சாமி, ஒரே கொள்கை இருக்க வேண்டியதில்லை. 'இது எனக்கு ஏன் முக்கியம்' என்பதை, கோயிலுக்குக் கிளம்பும் முன்பே உட்கார்ந்து பேசிவிடுங்கள். பழைய காயத்துக்கு மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால், அதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.