லேத் மெஷினில் சக்கு கழலாமல் இருக்க

கரடியனாறு பக்கம் மரக் கடைசல் வேலை பழகப் போகும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், இதை வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.

கிண்ணம் கடையும்போது மரத்தைப் பிடிப்பது சக்கு. அது மெஷின் தண்டின் மரையில் திருகி நிற்கிறது. உளி படப்பட மரை தானாகவே இறுகும். ஆனால் மெஷினை எதிர்ப்பக்கம் ஓட்டினாலோ, சட்டென்று நிறுத்தினாலோ மரை தளர்ந்து, சக்கு கழன்று ஆள்மேல் பாயலாம்.

மாட்டுமுன் பிளக்கைக் கழற்றுங்கள். இரண்டு மரையிலும் உள்ள தூளைத் துடையுங்கள். கையால் திருகி, சக்கின் அடி தண்டின் தோளில் இடைவெளி இல்லாமல் உட்காரச் செய்யுங்கள். பூட்டாணி இருந்தால் அதையும் இறுக்குங்கள். சாவியை எடுத்தாச்சா என்று பார்த்து, கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பிறகு பக்கமாக நின்று, குறைந்த வேகத்தில் தொடங்குங்கள்.

வேலை அவசரம் என்றாலும் இந்த ஒரு நிமிஷத்தை விட்டுவிடாதீங்க. கண் போனால் திரும்பி வராது.