படிகாரமும் ப்ளீச்சும் ஒரே அலமாரியில் வேண்டாம்

ரொறன்ரோவின் ரூஜ் பகுதியில் நம் வீட்டுக் குழாய்களில் வருவது ஒன்டாரியோ ஏரித் தண்ணீர். அதைத் தெளியவைக்க நகரின் சுத்திகரிப்பு நிலையங்கள் சேர்ப்பது அலுமினிய உப்புகளையே. ஊரில் கலங்கிய தண்ணீர்க் குடத்துக்குள் படிகாரக் கட்டியை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு மூடிவைப்பார்களே, அதே வேலைதான். எதிர்மின்னேற்றம் கொண்ட மண்துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். அலுமினியம் அந்த ஏற்றத்தைத் தணித்ததும் பஞ்சுபோல் திரண்டு அடியில் படியும்.

குடிக்கலாமா?

தாராளமாகக் குடிக்கலாம். குடிநீரில் அலுமினியம் லீட்டருக்கு 2.9 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று 2021இல் கனடா சுகாதாரத் துறை வரம்பு வைத்தது. நிலையங்களுக்கு அது சொல்லும் இலக்கு இன்னும் கீழே, 0.1 மில்லிகிராம்.

சிறுநீரகம் பழுதானவர்களின் கதை வேறு. உடலில் சேரும் அலுமினியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம்தான். 1970களில் டயாலிசிஸ் நீரில் இருந்த அலுமினியம் நோயாளிகளின் மூளையையே பாதித்தது. நீரிழிவால் சிறுநீரகம் தளர்ந்த நம்மவர்கள், அலுமினியம் கலந்த நெஞ்செரிச்சல் மருந்தை டாக்டரைக் கேட்காமல் எடுக்கவே கூடாது.

கட்டி வேறு, கரைசல் வேறு

முகச்சவரத்துக்குப் பின் தடவும் படிகாரம் பொட்டாசியமும் சேர்ந்த உப்பு. காகித ஆலை, சாயப்பட்டறை, நீச்சல்குளம் ஆகியவற்றுக்குப் போவது பெரும்பாலும் அலுமினியம் சல்பேட். ஹைட்ரேஞ்சியா பூ நீலமாக மலர மண்ணில் இடுவதும் அதுவே. தூளாக இருக்கும்போது சாதுபோலத் தெரியும். நீர் பட்டால் அமிலம். அதன் செறிந்த கரைசல் கண்ணைப் புண்ணாக்கும், இரும்பை அரிக்கும், சிந்திய தரை வழுக்கும்.

எனக்கு மிகவும் பயம் தருவது ப்ளீச். அதுவும் அலுமினியம் சல்பேட்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். நீச்சல்குளம் வைத்திருக்கும் வீடுகளில் இரண்டுமே இருக்கக்கூடும். ஒன்றை அள்ளிய குவளையால் மற்றதைத் தொடாதீர்கள்.

தவறான தொட்டி

1988 ஜூலையில் இங்கிலாந்தின் கேமல்ஃபோர்டு அருகே, நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு லாரியில் வந்த 20 தொன் அலுமினியம் சல்பேட் கரைசல் தவறான தொட்டியில் கொட்டப்பட்டது. ஏறத்தாழ 20,000 பேருக்கான குடிநீர் அமிலமாகி, குழாய்களின் உலோகத்தையும் கரைத்துக்கொண்டு வந்தது. மக்களுக்கு உடனே உண்மை சொல்லப்படவும் இல்லை.

ஆகவே வேலைத்தளத்தில் பெயர்ச்சீட்டு இல்லாத கலனைத் தொடாதீர்கள். பாதுகாப்புத் தரவுத்தாளைக் கேட்பது ஒன்டாரியோவில் உங்கள் உரிமை; வேலைக்குப் புதியவர் என்பதற்காகத் தயங்க வேண்டாம். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, தூள் பறந்தால் முகமூடி மூன்றும் வேண்டும். கண்ணில் பட்டுவிட்டால் கசக்காமல், இமையைத் திறந்து பிடித்து, வெறும் குழாய்நீரால் 15 நிமிடம் கழுவுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கலனின் பெயர்ச்சீட்டைப் படம்பிடித்துக் கொண்டுபோங்கள்.