இரண்டு அப்பாக்கள் மீட்டுக்கொடுத்த இசை

லிஃப்டில், விளம்பரத்தில், யாரோ ஒருவரின் ரிங்டோனில்... விவால்டியின் 'நான்கு பருவங்கள்' உங்கள் காதில் விழாமல் இருந்திருக்காது. 1678-ல் வெனிஸில் பிறந்த செம்பட்டைத் தலைப் பாதிரியார் அவர். நெஞ்சு இறுக்கம் என்று சொல்லிப் பூசை வைப்பதை விட்டவர், பியெட்டா இல்லத்தில் பெற்றோர் கைவிட்ட பெண்பிள்ளைகளுக்கு வயலின் கற்றுக்கொடுத்தார். கம்பித் தடுப்புக்குப் பின்னாலிருந்து அவர்கள் வாசிப்பதைக் கேட்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள்!

1741-ல் வியன்னாவில் ஏழையாக இறந்தார். உலகம் மறந்தேபோனது.

1926-ல் இத்தாலிய மடம் ஒன்று பழைய ஏடுகளை விற்க முன்வந்தபோதுதான் அவரது கையெழுத்துப் பிரதிகள் வெளிப்பட்டன. டூரின் நூலகத்திடம் பணம் இல்லை. வாங்கிக்கொடுத்தவர் ஃபோவா என்ற பங்குத் தரகர், இறந்துபோன தன் குழந்தை மௌரோவின் நினைவாக. மீதிப் பிரதிகள் வேறொரு குடும்பத்திடம் இருந்தன. அதற்குப் பணம் தந்த ஜோர்டானோவும் மகன் ரென்ஸோவைப் பறிகொடுத்தவர்தான். அந்தத் தொகுப்புகளுக்கு இன்றும் அந்தப் பிள்ளைகளின் பெயர்களே!