கோடிக்கரைக்கு ஒரு குடும்பப் பிரயாணம்

விடுமுறை வந்துவிட்டால் நம் குடும்பங்களில் ஒரு பெரிய ஆலோசனை சபை கூடும். உதகமண்டலமா, கோடைக்கானலா என்று பெரியவர்கள் வாதம் செய்வார்கள். எந்த ஊரில் ஐஸ்கிரீம் நன்றாயிருக்கும் என்பது குழந்தைகளின் கவலை. இப்படி மலைகளையே நாடிப் போகும் நாம், நமது கடலோரத்திலேயே ஒரு காடு இருக்கிறது என்பதை நினைப்பதில்லை. மானும் காட்டுக் குதிரையும், வடதுருவத்தை அடுத்த நாடுகளிலிருந்து பறந்து வரும் பறவைகளும் அங்கே ஒரே வெயிலில் காய்கின்றன என்பதையும் பலர் அறிவதில்லை. நாகப்பட்டினம் ஜில்லாவில், வேதாரண்யத்துக்குத் தெற்கே சுமார் 10 கிலோமீட்டர் தூரத்திலுள்ள கோடிக்கரையைத்தான் சொல்கிறேன்.

தேசப்படத்தை எடுத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து தெற்கு நோக்கி இறங்கி வரும் கடற்கரை, கோடிக்கரையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. ஒரு பக்கம் வங்காள விரிகுடா. மறு பக்கம் பாக் ஜலசந்தி. நிலத்தின் அந்தக் கோடிக்குச் சென்ற மார்கழியில் என் தாயார், மனைவி, இரு குழந்தைகள் ஆகியோருடன் சென்றிருந்தேன்.

உப்பு மண்ணில் ஒரு வணக்கம்

வேதாரண்யத்தை விட்டுப் புறப்பட்டதும் முதலில் வருவது அகஸ்தியம்பள்ளி. இங்கே வண்டியை நிறுத்தாமல் போவது நியாயமாகாது. 1930-ம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி திருச்சியிலிருந்து ராஜாஜியின் தலைமையில் கால்நடையாகக் கிளம்பிய தொண்டர்கள் வந்து சேர்ந்தது இந்தப் பக்கத்துக்குத்தான். ஏப்ரல் 30-ந் தேதி ராஜாஜி இங்கே உப்பை அள்ளினார். கைதாகிச் சிறை சென்றார். தொண்டர்களுக்குச் சோறிட்டால் தண்டனை என்று அன்றைய சர்க்கார் பயமுறுத்தியபோது, வழியோரத்து ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்ட கதையை என் தாயார் பேரக் குழந்தைகளுக்குச் சொன்னார்.

"அப்படியானால் இந்த உப்பு யாருடையது, பாட்டி?" என்று கேட்டான் என் மகன்.

"எல்லாருடையதும்தான். அதற்காகத்தானே அத்தனை பேர் ஜெயிலுக்குப் போனார்கள்!" என்றார் தாயார்.

காடும் குழகரும்

மேலும் தெற்கே சென்றால் உப்பளங்கள் மறைந்து காடு தொடங்குகிறது. மலைக்காடுபோல் வானளாவிய மரங்களை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. உப்புக் காற்றும் மணலும் வருஷத்தில் பல மாத வறட்சியும் சேர்ந்து வளர்த்த காடு இது. மரங்கள் குட்டையாய், நெருக்கமாய், தடித்த இலைகளோடு நிற்கின்றன. கோடையிலும் பசுமை குன்றாது. பாலை மரங்கள் மிகுதி; அவற்றின் மஞ்சள் நிறக் கனிகள் மனிதருக்கும் பறவைக்கும் ஒருங்கே இனிப்பவை. சோழ மண்டலக் கரையில் இத்தகைய காடு இன்று துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது.

வழியில் குழகர் கோயிலில் தரிசனம் செய்தோம். ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னே இங்கு வந்த சுந்தரமூர்த்தி சுவாமிகள், காற்று வீசும் கடற்கரையில் இறைவன் துணையின்றித் தனியே இருப்பதைக் கண்டு உருகிப் பதிகம் பாடினார். 1950-ல் தொடங்கிய "பொன்னியின் செல்வ"னில் கல்கி பூங்குழலியைப் படகு விடச் செய்ததும் இதே கரையில்தான். அந்தக் கதையில் வரும் புதைசேறு எங்கே என்று என் மகள் வழியெல்லாம் நச்சரித்துக்கொண்டு வந்தாள்.

வெளிமானும் வெளியும்

வன இலாகாச் சாவடியில் அனுமதி பெற்று, உள்ளூர்ப் பெரியவர் ஒருவரை வழிகாட்டியாக அழைத்துக்கொண்டோம். 1967-ல் சர்க்கார் இந்த இடத்தைச் சரணாலயமாக்கியதற்கு முக்கிய காரணம் வெளிமான். சங்கப் புலவர்கள் இரலை என்று கூறியது இதைத்தான். புல்வெளியின் ஓரத்தில் நாங்கள் நின்றபோது இருபது மான்களுக்குமேல் மேய்ந்துகொண்டிருந்தன. நடுவே ஓர் ஆண்மான்: கரிய முதுகு, வெள்ளை வயிறு, முறுக்கிய நீண்ட கொம்புகள். பெண்மான்கள் கொம்பில்லாமல், செம்மண் நிறத்தில் இருந்தன. குழந்தைகள் மூச்சு விடவும் மறந்து நின்றார்கள்.

அச்சமயம் மற்றொரு வாகனம் ஹாரனை முழக்கிக்கொண்டு வந்தது. அதிலிருந்த வாலிபர்கள் சீட்டியடித்துக் கூச்சலிட்டார்கள். மான்கள் தாவின தாவலைக் கண்டு கைதட்டியும் மகிழ்ந்தார்கள். ஒரு நிமிஷத்தில் புல்வெளி வெறிச்சோடிவிட்டது.

"அதுங்க ஓடுறது அழகாத்தான் இருக்கும், ஐயா. ஆனா சினைமானும் அதிலே ஓடுது. இன்னிக்குப் புல்லும் தண்ணியும் இருக்கு. ஓடிட்டு வந்து மேஞ்சுக்கும். சித்திரை வைகாசியிலே இப்படி விரட்டினா என்ன செய்யும்?" என்றார் பெரியவர்.

அவர் சொன்ன தண்ணீரில்தான் இந்தக் காட்டின் உயிர் இருக்கிறது. இங்கே ஆறு கிடையாது. ஐப்பசி கார்த்திகை மழையில் குளங்களிலும் மணலிலும் தங்கும் நீரே வருஷம் முழுவதற்கும் ஆதாரம். அதை மானும், நரியும், குரங்கும், ஒரு காலத்து வளர்ப்புக் குதிரைகளின் சந்ததியான காட்டுக் குதிரைகளும் பகிர்ந்துகொள்ள வேண்டும். கோடையில் வன இலாகாவினர் தொட்டிகளில் நீர் நிரப்புகிறார்கள். மற்றொரு சங்கடம் சீமைக் கருவேல். அதன் நெற்றுக்களை மிருகங்கள் தின்று, போகுமிடமெல்லாம் விதையைப் பரப்புகின்றன. அமெரிக்காவிலிருந்து வந்த அந்த முட்செடி புல்வெளியை விழுங்கிக்கொண்டே போகிறது. திறந்த வெளியில் வாழ்வதால் வெளிமான் என்று பெயர். வெளியே இல்லாமற் போனால் மான் எங்கே போகும்? 2018 நவம்பரில் கஜா புயல் இக்கரையைத் தாக்கியபோது எண்ணற்ற மரங்கள் வீழ்ந்தன; மான்களும் குதிரைகளும் மாண்டன. காட்டில் அதன் தழும்புகளைப் பெரியவர் எங்களுக்குக் காட்டினார்.

தொலைதூர விருந்தாளிகள்

பிற்பகலில் சதுப்பு நிலத்துக்குச் சென்றோம். ஆழமற்ற நீரில் பூநாரைகள் அணிவகுத்து நின்றன. நீண்ட கழுத்தைத் தாழ்த்தி, வளைந்த அலகைத் தலைகீழாய் நீரில் வைத்து, சேற்று நீரை வடிகட்டி உண்பது அவற்றின் வழக்கம். அந்த உணவிலுள்ள நிறப்பொருளே இறகுக்கு இளஞ்சிவப்பைத் தருகிறது என்று சொன்னபோது, "அப்படியானால் நான் தினமும் பீட்ரூட் சாப்பிட்டால்?" என்று என் மகன் சந்தேகம் எழுப்பினான்.

பூநாரையைவிட என்னைக் கவர்ந்தது கொசு உள்ளான் என்னும் சின்னஞ்சிறு பறவை. அதன் எடை சுமார் 25 கிராம். ஒரு கைப்பிடி உப்பு அதைவிடக் கனக்கும். வடதுருவத்தை ஒட்டிய சைபீரியச் சமவெளிகளில் குஞ்சு பொரித்து, குளிர் தொடங்குமுன் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து இவ்விடம் வருகிறது. பறவை நிபுணர் சாலிம் அலி இந்த இடத்தின் பெருமையை உணர்ந்து உலகுக்கு எடுத்துச் சொன்னார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல ஆண்டுகளாக இங்கே பறவைகளின் காலில் வளையமிட்டு, அவற்றின் பயணங்களை ஆராய்ந்திருக்கிறார்கள். 2002-ல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் இது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது.

இந்தச் சதுப்பு நிலத்தின் ஒரு பகுதியில்தான் உப்பளங்களும் இருக்கின்றன. உப்பு விளைவது குற்றமல்ல; பல குடும்பங்களின் பிழைப்பு அது. ஆனால் நல்ல நீர் வரத்துக் குறைந்து, நீரில் உப்பு அளவுக்கு மிஞ்சினால், பறவைகளின் இரையான சிறு பிராணிகள் மடிந்துபோகும். ஆகவே உப்பளம் எவ்வளவு, நீர் எவ்வளவு, பறவைக்கு எவ்வளவு என்ற கணக்கை நாட்டார் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். நாம் கேட்பதில்லை என்றால் கேட்பதற்கு வேறு யாருமில்லை. உள்ளானுக்கு வோட்டு இல்லை அல்லவா?

போக விரும்புவோருக்கு

பறவைகளைக் காண மார்கழி, தை மாதங்கள் உகந்தவை. அதன் பின்னர் கடலாமைகள் கரையேறி மணலில் முட்டையிடும் பருவம். அம்முட்டைகளை வன இலாகாவினர் சேகரித்துப் பாதுகாத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். காலையில் சீக்கிரம் செல்லுங்கள். குடிநீரும் சிற்றுண்டியும் கொண்டு போங்கள். பிளாஸ்டிக் பைகளை மறவாமல் திருப்பிக் கொண்டு வாருங்கள். குரங்குகளுக்குத் தின்பண்டம் போடாதீர்கள். பளபளப்பான உடையும் உரத்த பேச்சும் வேண்டாம். ஒரு பைனாகுலர் இருந்தால் மிகவும் நல்லது.

முக்கியமாக, குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். ஒரு பிடி உப்பு பொதுஜனத்தின் சொத்து என்று நிலைநாட்டுவதற்காக 1930-ல் நம் பெரியோர்கள் தடியடி பட்டார்கள். அதே மண்ணிலுள்ள மானும் பறவையும் குளத்து நீரும் அதே சொத்தைச் சேர்ந்தவைதாம். இவற்றைக் காப்பதற்கு இன்று யாரும் தடியடி பட வேண்டியதில்லை. அங்கே போய், சத்தமில்லாமல் நின்று பார்த்து, அதற்கு ஒரு தீங்கு வரும்போது பேசத் தெரிந்த பிள்ளைகளை வளர்த்தால் போதும்.