விழித்திரை நோய்க்கு வைட்டமின் மாத்திரை மருந்தாகுமா?

கேரட் கண்ணுக்கு நல்லது என்று வீட்டில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது உண்மைதான். கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினை நம் உடல் வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்கிறது. இந்த வைட்டமின் குறைந்தால் மாலைக்கண் வரும். குறையை ஈடு செய்தால் பார்வை தேறும். அப்படியானால், பெற்றோரிடமிருந்து மரபணு வழியாக வரும் விழித்திரை நோய்களையும் மாத்திரையால் குணப்படுத்தலாமா?

விழித்திரையின் கோல், கூம்பு உயிரணுக்களில் ரெட்டினல் என்ற மூலக்கூறு இருக்கிறது. வைட்டமின் ஏ-யிலிருந்து உருவாகும் இது வளைந்த வடிவில் இருக்கும். ஒளி பட்டதும் நிமிரும். பார்வை அங்கே தொடங்குகிறது. நிமிர்ந்ததை மறுபடியும் வளைத்தால்தான் அடுத்த ஒளியைப் பிடிக்க முடியும். இதற்குப் பல புரதங்கள் தேவை. அவற்றை உருவாக்கும் கட்டளை மரபணுக்களில் உள்ளது.

வளைக்கும் வேலைக்கு ஆர்.பி.இ.65 என்ற மரபணு முக்கியம். அது பழுதானால் வைட்டமின் ஏ எவ்வளவு இருந்தும் பயன் குறைவு. ரொட்டி சானாய் கடையில் மாவு நிறைய இருந்தும் அடுப்பு எரியாத நிலை அது. இந்தக் குறைபாட்டுக்கு நல்ல மரபணுவைக் கண்ணுக்குள் செலுத்தும் சிகிச்சையை அமெரிக்கா 2017-இல் அங்கீகரித்தது.

ஸ்டார்கார்ட் நோயில் பழுதாவது வேறொரு மரபணு. அங்கே வைட்டமின் ஏ-யின் கழிவுகள் விழித்திரையில் தேங்குகின்றன. கூடுதல் மாத்திரை அந்தக் கழிவை அதிகரிக்கக்கூடும். எனவே இந்நோயாளிகள் வைட்டமின் ஏ மாத்திரைகளைத் தவிர்க்குமாறு மருத்துவர்கள் கூறுகிறார்கள்.

ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா நோயில் முதலில் இரவுப் பார்வை மங்கும். பிறகு பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கும். 1993-இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 601 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டார்கள். தினமும் 15,000 அலகு வைட்டமின் ஏ, விழித்திரையின் சரிவைச் சற்றுத் தாமதப்படுத்துவதாக அது கூறியது. பல ஆண்டுகள் மருத்துவர்கள் அதைப் பரிந்துரைத்தார்கள். ஆனால், இந்நோய்க்குப் பல மரபணுக்கள் காரணம். அவற்றில் பெரும்பாலானவை அப்போது தெரியாது. 2023-இல் நோயாளிகளின் மரபணு விவரத்தையும் சேர்த்துப் பழைய தரவுகளை அலசியபோது அந்தப் பலன் தென்படவில்லை.

விதிவிலக்கும் உண்டு. குடலால் கொழுப்பைச் சரியாக உறிஞ்ச முடியாத அரிய பரம்பரை நோய் ஒன்றில் கொழுப்பில் கரையும் ஏ, இ வைட்டமின்கள் உடலில் சேர்வதில்லை. அங்கே உண்மையாகவே பற்றாக்குறை இருப்பதால் மாத்திரை விழித்திரையைக் காக்க உதவுகிறது.

சத்து மாத்திரைதானே, என்ன கெடுதல் என்று நினைக்காதீர்கள். அதிகமான வைட்டமின் ஏ கல்லீரலில் தேங்கி அதைக் கெடுக்கும். கருவில் உள்ள குழந்தையையும் பாதிக்கும். குடும்பத்தில் யாருக்காவது இத்தகைய நோய் இருந்தால், மாத்திரை வாங்குவதற்கு முன் மரபணுப் பரிசோதனை பற்றிக் கண் மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.